‘ஐ என்வி யூ’ என்பது திட்டு அல்ல

வெளிநாட்டு நண்பர் ஒருவர் உங்கள் மொட்டைமாடித் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கிறார். கத்தரிச் செடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ‘ஐ என்வி யூ’ என்கிறார். அகராதியைப் புரட்டினால் ‘என்வி’ என்பதற்கு நேராகப் ‘பொறாமை’ என்று போட்டிருக்கிறது. முகத்துக்கு நேரே, அதுவும் சிரித்துக்கொண்டே, ‘உன்மேல் எனக்குப் பொறாமை’ என்று ஒரு மனுஷன் சொல்வானா என்று திகைக்க வேண்டாம். அவர் சொன்னதை நம் பேச்சில் சொன்னால் ‘கொடுத்துவச்சவங்க நீங்க’ என்று வரும். அது பாராட்டுதான். கூடவே ‘எனக்கு இது வாய்க்கலையே’ என்ற சின்ன ஏக்கமும் இருக்கிறது.

‘என்வி’ வரும் இடத்தில் ‘பொறாமை’யை வைத்துப் பார்க்காமல் ‘கொடுத்துவைத்தவர்’ என்பதை வைத்துப் பாருங்கள். அன்றாட ஆங்கிலத்தில் பல இடங்களில் அது பொருந்திவிடும். பொருந்தாத இடங்களைத்தான் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது.

நம்மிடம் பொறாமை கனமான சொல். வள்ளுவர் அதைக் கடிய ‘அழுக்காறாமை’ என்று ஒரு தனி அதிகாரமே வைத்தார், 17ஆவது அதிகாரம். பிறர் பொருளுக்கு ஆசைப்படுவதைக் கண்டிக்கும் ‘வெஃகாமை’ அதற்கு அடுத்தது. இன்றைக்கும் புதுவீடு கட்டினால் வாசலில் திருஷ்டி பொம்மை தொங்குகிறது, கல்யாணம் முடிந்தால் ஆரத்தி எடுக்கிறோம், குழந்தை அழகாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் பாட்டி உடனே கன்னத்தில் மை வைக்கிறார். பிறருடைய கண் பட்டால் நல்லது கெட்டுப்போகும் என்று நினைக்கும் ஊரில் ‘எனக்குப் பொறாமையா இருக்கு’ என்று வாய்விட்டுச் சொல்ல நெருங்கிய சிநேகிதர்களால்தான் முடியும், அதுவும் கேலியாக.

ஆங்கிலத்திலும் அடிவேர் அப்படித்தான். கிறிஸ்தவ மரபு அடுக்கும் ஏழு பெரும் பாவங்களில் ‘என்வி’யும் ஒன்று. லத்தீன் மூலச் சொல்லே ‘கெட்ட கண்ணால் பார்ப்பது’ என்ற பொருளிலிருந்து வந்தது. ஆக, கண் போடுகிற பழக்கம் ரோமாபுரியிலும் இருந்திருக்கிறது. ஆனால் ‘ஐ என்வி யூ’ என்ற வாக்கியம் புழங்கிப் புழங்கி விஷம் இறங்கிவிட்டது. மனத்துக்குள் வைத்துக் குமைந்தால்தான் பாவம், வாயால் சொல்லிவிட்டால் அது மரியாதை என்பதுதான் இன்றைய ஆங்கிலப் பேச்சின் கணக்கு.

யார் சொல்வது, யாரைப் பற்றி

அந்த விஷம் எல்லா வாக்கியங்களிலும் இறங்கிவிடவில்லை. ‘நான்’ எழுவாயாக இருக்கும்போதுதான் இந்தச் சொல் இனிக்கும். ‘ஐ என்வி யூ’, ‘ஐ என்வி யுவர் பேஷன்ஸ்’ இரண்டும் பாராட்டு. அதையே திருப்பி ‘யூ என்வி மீ’ என்றால் குற்றச்சாட்டு. ‘ஷீ என்வீஸ் ஹர் சிஸ்டர்’ என்றால் அந்தப் பெண்ணின் குணத்தைக் குறை சொல்கிறீர்கள். அலுவலகத்தில் ஒருவரைப் பற்றி ‘ஹீ இஸ் என்வியஸ்’ என்று சொல்லிவிட்டு, ‘நான் சும்மாதான் சொன்னேன்’ என்று பின்னால் சமாளிக்க முடியாது.

அதனால் நடைமுறை விதி இது: உங்கள் மனத்தில் இருப்பதாக ‘என்வி’யைத் தாராளமாகச் சொல்லுங்கள். அடுத்தவர் மனத்தில் இருப்பதாகச் சொல்லும் முன் யோசியுங்கள்.

‘நான்’ என்று தொடங்கினாலும் இடம் பார்க்க வேண்டும். வேலை போய் வீட்டில் இருப்பவரிடம் ‘ஐ என்வி யுவர் ஃப்ரீ டைம்’ என்றால் வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதுதான். பிரசவ விடுப்பில் இருக்கும் சகபணியாளரிடம் ஆறு மாத விடுமுறைக்காக ‘என்வி’ சொன்னால், ராத்திரித் தூக்கம் இல்லாத அவர் எப்படிப் பதில் சொல்வார் என்று ஊகித்துக்கொள்ளுங்கள். மேலதிகாரியின் சம்பளம், கார், வீடு ஆகியவற்றோடு இந்தச் சொல்லைச் சேர்ப்பதும் நல்லதல்ல. அவருடைய நிதானம், ஞாபகசக்தி, மேடைப்பேச்சு ஆகியவற்றோடு சேர்க்கலாம். பணத்தோடு ஒட்டினால் பழைய விஷம் கொஞ்சம் திரும்பி வரும். திறமையோடு ஒட்டினால் வராது.

‘ஆன்’ வேண்டாம்

தமிழில் பொறாமை ஒருவர் ‘மேல்’ வரும், அல்லது ஒருவரைப் ‘பார்த்து’ வரும். அந்த ‘மேல்’ ஆங்கிலத்துக்குள் நுழையும்போது ‘ஐ என்வி ஆன் யூ’, ‘ஷீ இஸ் ஜெலஸ் ஆன் மீ’ என்றெல்லாம் ஆகிவிடுகிறது. நல்ல வேலையில் இருப்பவர்கள் வாயிலும் இதைக் கேட்கலாம். ‘என்வி’ வினைச்சொல்லாக வரும்போது அதற்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் எதுவும் வரக் கூடாது. ‘ஐ என்வி ஹிம்’, அவ்வளவுதான். ‘என்வியஸ்’, ‘ஜெலஸ்’ இரண்டும் பெயரடைகள். அவற்றுக்குப் பின்னால் ‘ஆஃப்’ வரும்: ‘ஐ ஆம் என்வியஸ் ஆஃப் யுவர் மெமரி’, ‘ஷீ இஸ் ஜெலஸ் ஆஃப் மீ’. ‘ஆன்’, ‘வித்’, ‘டு’ மூன்றையும் மறந்துவிடலாம்.

வினைச்சொல்லுக்குப் பின்னால் ஆள் வரலாம், பொருள் வரலாம், இரண்டும் அடுத்தடுத்தும் வரலாம். ‘ஐ என்வி யூ’ என்பதும் ‘ஐ என்வி யுவர் கார்டன்’ என்பதும் எல்லாருக்கும் பழக்கம். ‘ஐ என்வி யூ யுவர் கார்டன்’ என்பது பலருக்குத் தப்பாகத் தோன்றும், ஏதோ சொல் விட்டுப்போனது மாதிரி. தப்பில்லை. ‘கிவ் மீ த புக்’ என்பதில் ஆளும் பொருளும் வரிசையாக வருகிறதே, அதே அமைப்புதான். சற்று எழுத்துநடை சாயல் உண்டு. பேச்சில் வராவிட்டால் குறையில்லை, கேட்டால் புரிந்துகொண்டால் போதும்.

பேச்சுக்கு இதைவிடக் கைகொடுப்பது வேறொன்று: ‘ஐ என்வி பீப்பிள் ஹூ...’ என்று தொடங்குவது. ‘ஐ என்வி பீப்பிள் ஹூ கேன் ஸ்லீப் ஆன் பஸ்ஸஸ்.’ பேருந்தில் ஏறிய உடனே தூங்கிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு அப்படித்தான் இருக்கிறது. குறிப்பிட்ட யாரையும் சுட்டாமல், உங்கள் குறையை நீங்களே கேலி செய்துகொண்டு பேச்சைத் தொடங்க இது நல்ல வழி. இதன் உடன்பிறப்பு ‘ஐ என்வி த வே...’: ‘ஐ என்வி த வே ஷீ ஹேண்டில்ஸ் ஆங்க்ரி கஸ்டமர்ஸ்.’ கோபத்தோடு வரும் வாடிக்கையாளரை அவர் சமாளிக்கிற விதம் இருக்கிறதே என்று வியப்பது. ‘ஐ என்வி தட் யூ...’ என்று தொடங்குவதைத் தவிருங்கள், காதுக்கு ஒட்டாது. ‘ஐ என்வி டு...’ பிழையே.

இன்னொரு நோய் ‘-இங்’. ‘ஐ ஆம் ஹேவிங் டூ சில்ட்ரன்’ என்று சொல்ல வைக்கும் அதே பழக்கம் ‘ஐ ஆம் என்வியிங் யூ’ என்றும் சொல்ல வைக்கிறது. தெரிதல், விரும்புதல், சொந்தமாக இருத்தல் போன்ற வினைகள் ஆங்கிலத்தில் பொதுவாக ‘-இங்’ ஏற்பதில்லை, ‘என்வி’யும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. இந்த நிமிஷமே உணர்ந்தாலும் ‘ஐ என்வி யூ’தான். நெடுநாளாக உணர்வதானால் ‘ஐ ஹேவ் ஆல்வேஸ் என்வீட் யுவர் ஹேண்ட்ரைட்டிங்’ என்று சொல்லலாம். ‘உங்க கையெழுத்து மாதிரி எனக்கு வரலையேன்னு எப்பவும் நினைப்பேன்’ என்பது இதன் தொனி. இதைக் கேட்ட எவரும் முகம் மலராமல் இருக்க மாட்டார்.

உச்சரிப்பில் நமக்குச் சிரமம் இல்லை. ‘என்’, ‘வி’ என்ற இரண்டு முதலெழுத்துகளைச் சேர்த்துச் சொன்னால் ஏறக்குறைய வந்துவிடும். அழுத்தம் மட்டும் முதல் அசையில் இருக்க வேண்டும். எழுதும்போது கடைசி ‘ஒய்’ எழுத்தைக் கவனியுங்கள். ‘என்வீட்’, ‘என்வீஸ்’, ‘என்வியஸ்’, ‘என்வியபிள்’ எல்லாவற்றிலும் அது ‘ஐ’ ஆக மாறிவிடும்.

‘ஐ டோன்ட் என்வி யூ’

இந்தச் சொல்லின் மிக ருசியான பயன்பாடு எதிர்மறையில் இருக்கிறது. நம்மவர்கள் தவறாகப் புரிந்துகொள்வதும் இதைத்தான்.

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 20 வீடுகள், கார் நிறுத்த 14 இடங்கள். சங்கச் செயலாளராக உங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம். யாருக்கு எந்த இடம் என்று நீங்கள் அறிவிக்க வேண்டும். முதல் மாடிக்காரர் இப்போதே பேசுவதை நிறுத்திவிட்டார். மூன்றாம் மாடி அம்மா, ‘எங்க வீட்டுக்காரர் போன பிறகு எங்களை யாரு கேக்குறா தம்பி’ என்று தொடங்கிவிட்டார். இந்த நிலையில் மின்தூக்கியில் சந்திக்கும் ஒருவர் ‘வெல், ஐ டோன்ட் என்வி யூ’ என்றால், ‘எனக்கு உன்மேல் பொறாமை இல்லை’ என்று நற்சான்றிதழ் தருவதாக நினைத்துத் ‘தேங்க் யூ’ சொல்லிவிடாதீர்கள். ‘உங்க பாடு திண்டாட்டம்தான், உங்க இடத்துல நான் இல்லப்பா’ என்று அனுதாபப்படுகிறார்.

எனவே ‘ஐ டோன்ட் என்வி யூ’ என்றால் இரக்கம். அதற்குள் ஒரு புன்சிரிப்பும் உண்டு. தணிக்கையாளர் வரும் வாரத்தில் கணக்குப் பிரிவுக்காரரிடம் சொல்லலாம். மே மாத வெயிலில் தேர்தல் பிரசாரத்துக்குப் போகிறவரிடம் சொல்லலாம். ஆளைச் சுட்டாமலும் வரும்: விருந்து முடிந்த கூடத்தைப் பார்த்து ‘ஐ டோன்ட் என்வி ஹூஎவர் ஹேஸ் டு கிளீன் திஸ்’ என்பார்கள், இதைச் சுத்தம் பண்ணப் போகிறவன் பாவம் என்ற பொருளில். ‘ஐ கான்ட் சே ஐ என்வி யூ’ என்பது இதன் இன்னும் நாசூக்கான வடிவம்.

அந்தப் புன்சிரிப்பு இருப்பதால்தான் உண்மையான துயரத்தில் இது கூடவே கூடாது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே அப்பாவுக்காகக் காத்திருப்பவரிடம் போய் இதைச் சொன்னால் விளையாட்டாகப் பேசுவதாகத் தோன்றும். அங்கே ‘ஐ ஆம் சோ சாரி’தான். சிக்கலான, அலுப்பான, ஆனால் ஒருநாள் முடிந்துபோகிற வேலைகளுக்கு மட்டும் ‘டோன்ட் என்வி’.

செய்தித்தாள் படிப்பவர்கள் இதே பொருளை ‘அன்என்வியபிள்’ என்ற சொல்லில் பார்த்திருப்பார்கள். ‘த அன்என்வியபிள் டாஸ்க் ஆஃப்...’ என்று ஒரு தலையங்கம் தொடங்கினால், யாரும் ஆசைப்படாத ஒரு வேலை யாரோ ஒருவர் தலையில் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். எதிர்ப்பதமான ‘என்வியபிள்’ கிரிக்கெட் வர்ணனையில் அடிக்கடி வரும். ‘என்வியபிள் ரெக்கார்ட்’ என்றால் யாரும் ஏங்கும்படியான சாதனை. இந்த இரண்டிலும் யாருடைய பொறாமையும் இல்லை. ‘என்வியஸ்’ மனிதரைக் குறிக்கும், ‘என்வியபிள்’ அவர் ஏங்குகிற பொருளைக் குறிக்கும். மாற்றிப் போட்டால் ‘என்னிடம் பொறாமை பிடித்த சம்பளம் இருக்கிறது’ என்பது போல ஆகிவிடும்.

‘த என்வி ஆஃப்’

1980களில் தொலைக்காட்சி பார்த்தவர்களுக்கு ஒனிடா விளம்பரம் நினைவிருக்கும். தலையில் கொம்பு, பின்னால் வால், ஒரு பிசாசு. ‘நெய்பர்ஸ் என்வி, ஓனர்ஸ் ப்ரைட்’ என்ற வாசகம். ஆங்கிலமே தெரியாத வீடுகளிலும் ‘என்வி’ என்ற சொல்லைக் கொண்டு சேர்த்தது அந்தப் பிசாசுதான் என்பேன். பக்கத்து வீட்டுக்காரன் வயிறு எரியும், வாங்கியவன் நெஞ்சு நிமிரும் என்பதைக் கச்சிதமாகச் சொன்ன வாசகம் அது. இங்கே ‘என்வி’ பெயர்ச்சொல். யாருடைய பெயர் வேற்றுமை உருபோடு முன்னால் நிற்கிறதோ அவருடைய வயிற்றெரிச்சல்.

இதே கருத்தை ‘ஆஃப்’ வைத்துச் சொல்லும்போது கவனம் தேவை. ‘ஹர் ஹேர் இஸ் த என்வி ஆஃப் த ஹோல் ஹாஸ்டல்’ என்றால் விடுதியே அவள் கூந்தலைப் பார்த்து ஏங்குகிறது. ‘ஆஃப்’புக்குப் பின்னால் வருபவர் ஏங்குகிறவர். ஆனால் ‘ஹர் என்வி ஆஃப் ஹர் சிஸ்டர்’ என்றால் அவளுக்கு அக்காமேல் பொறாமை. இங்கே ‘ஆஃப்’புக்குப் பின்னால் வருபவர் ஏங்கப்படுகிறவர். திசை அப்படியே தலைகீழாகத் திரும்பிவிட்டது. திருப்பியது முன்னால் நிற்கும் குட்டிச் சொல். ‘த’ நின்றால் ஊரே ஏங்கும் பொருள், ‘ஹர்’, ‘ஹிஸ்’, ‘மை’ நின்றால் ஒருவர் மனத்துப் பொறாமை. ‘ஷீ இஸ் த என்வி ஆஃப் ஹர் சிஸ்டர்’ என்பதையும் ‘ஷீ இஸ் என்வியஸ் ஆஃப் ஹர் சிஸ்டர்’ என்பதையும் இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதலாவதில் அக்காவுக்கு வயிற்றெரிச்சல், இரண்டாவதில் தங்கைக்கு. உறவுக்குள் இதைத் தப்பாகச் சொன்னால் ஒரு தீபாவளி முழுக்கப் பேசுவார்கள்.

‘த என்வி ஆஃப்’ மிகைக்குப் பேர் போனது. ‘உலகமே வியக்கும்’ என்று நம் மேடைகளில் சொல்வது போல, ‘த என்வி ஆஃப் த வேர்ல்ட்’ என்று ஆங்கில அரசியல்வாதிகள் தங்கள் நாட்டு மருத்துவத் துறையையும் பல்கலைக்கழகங்களையும் சொல்லிக்கொள்வார்கள். நீங்கள் எழுதும் வேலை விண்ணப்பத்தில் இது வேண்டாம்.

‘ஜெலஸ்’ எங்கே நிற்கிறது

இலக்கணப் புத்தகங்கள் கறாராகப் பிரிக்கும்: பிறரிடம் இருப்பது நம்மிடம் இல்லையே என்பது ‘என்வி’. நம்மிடம் இருப்பதை இன்னொருவர் பறித்துவிடுவாரோ என்பது ‘ஜெலசி’. முதலாவதற்கு இரண்டு பேர் போதும். இரண்டாவதற்கு மூன்று பேர் வேண்டும். ஷேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’ நாடகத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. தனக்கு வர வேண்டிய பதவி காசியோவுக்குப் போய்விட்டதே என்று இயாகோ பொருமுகிறானே, அது ‘என்வி’. மனைவி டெஸ்டிமோனா காசியோவோடு பழகுகிறாளோ என்று ஒதெல்லோ வெந்து சாகிறானே, அது ‘ஜெலசி’. ஒருவன் தன் ‘என்வி’யைத் தீர்த்துக்கொள்ள இன்னொருவனுக்குள் ‘ஜெலசி’யை ஊட்டியதுதான் மொத்தக் கதையும்.

பேச்சு வழக்கு இந்தக் கறாரையெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டது. நீங்கள் ஊட்டியிலிருந்து படம் அனுப்பினால் நண்பர் ‘சோ ஜெலஸ்!’ என்று பதில் போடுவார். அது ‘என்வியஸ்’தான். ஆனால் ‘ஐ ஆம் என்வியஸ்’ என்று எழுதினால் ஏனோ சட்டைக் காலரில் கஞ்சி போட்ட மாதிரி விறைப்பாக இருக்கும். பெரிய ஆங்கில அகராதிகளே ‘ஜெலஸ்’ என்பதற்கு இந்தப் பொருளையும் தருகின்றன. எனவே யாராவது இதைப் பேச்சில் திருத்தினால் பொருட்படுத்த வேண்டாம். மறுதிசையில் மட்டும் போகாதீர்கள். சந்தேகப் பேய் பிடித்த கணவன் ‘ஜெலஸ் ஹஸ்பண்ட்’. அவனை ‘என்வியஸ்’ என்றால் மனைவியின் சம்பளத்தைப் பார்த்துப் பொருமுகிறான் என்று கதை மாறிவிடும்.

தமிழ்நாட்டுப் பேச்சில் ‘அவளுக்கு ஒரே ஜெலஸி’ என்று கலந்து பேசிப் பழகியதால் ‘டோன்ட் பி ஜெலசி’ என்று ஆங்கிலத்திலும் வந்துவிடுகிறது. ‘பி’ வந்தால் ‘ஜெலஸ்’, ‘ஜெலசி’ அல்ல. தொடக்க ஒலி ஜன்னலில் வரும் ‘ஜ’. வண்டு ரீங்காரம் போலச் சொன்னால் அது ‘உற்சாகம் மிக்க’ என்ற வேறு சொல்லாகிவிடும்.

‘ஃபுட் என்வி’ என்றும் ஒன்று உண்டு, விளையாட்டுச் சொல். உணவகத்தில் நீங்கள் இட்லி சொல்லிவிட்டீர்கள், எதிரே இருப்பவருக்கு நெய் ரோஸ்ட் கூம்பு வடிவில் மினுமினுத்துக்கொண்டு வந்து இறங்குகிறது. ‘ஐ ஹேவ் ஃபுட் என்வி’ என்றால் அவரே ஒரு விள்ளல் கொடுத்துவிடுவார். இதே அச்சில் ‘கிச்சன் என்வி’, ‘ஹவுஸ் என்வி’ என்று பத்திரிகைகள் உருட்டுகின்றன.

உங்களிடம் ஒருவர் ‘ஐ என்வி யூ’ என்றால் என்ன பதில்? ‘ஒய் டூ யூ என்வி மீ?’ என்று கேட்டால் சண்டைக்கு இழுப்பது போல ஆகிவிடும். ‘நோ, நோ, டோன்ட் பி ஜெலஸ்’ என்பதும் வேண்டாம், ‘ரொம்பப் பெருமை’ என்று தோன்றும். நம் வீடுகளில் ஒரு புடவையைப் பாராட்டினால் ‘சும்மா தள்ளுபடியில எடுத்தது’ என்று உடனே இறக்கிச் சொல்வோமே, அந்தப் பழக்கம் இங்கே அப்படியே கைகொடுக்கும். கத்தரிச் செடிக்காக ‘என்வி’ சொன்ன நண்பரிடம் ‘யூ ஷுட் சீ மை வாட்டர் பில்’ என்று சொல்லுங்கள். சிரித்துவிட்டு அடுத்த தொட்டிக்குப் போவார்.